கமுதி வழக்கும் வடக்கன்குளத்துச் சுவரும்

சென்ற அக்டோபரில் அருப்புக்கோட்டையில் மழை பிந்தியது. கரிசல் காடுகள் விதைப்புக்குக் காத்துக் கிடந்தன. மாலைச் செபமாலை முடிந்தபின் ஒரு மணி நேரமேனும் நம் வட்டாரத்து வரலாற்றை வாசிப்பதென்று முடிவு செய்தோம். வீட்டு அலமாரியில் இருந்தவை சில. நூலகத்தில் இரவல் பெற்றவை சில.

முதலில் எடுத்தது சத்தியநாதையர் 1924இல் வெளியிட்ட மதுரை நாயக்கர் வரலாறு. மன்னர்களின் கதையைவிட, பின்னிணைப்பிலுள்ள இயேசு சபைக் குருக்களின் மடல்களே நம்மைப் பிடித்துக்கொண்டன. 1606இல் மதுரைக்கு வந்த தெ நொபிலி சந்நியாசியாக வாழ்ந்தார். 1640 முதல் பண்டாரசுவாமிகள் எனும் வேறு வகைக் குருக்கள் ஏனைய சாதியினரிடையே பணிபுரிந்தனர். மறைக்கல்வி வகுப்பில் இதனை மறைத்தூதரின் மதிநுட்பம் என்றே கற்றிருந்தோம். ஒரே நற்கருணைக்கு இருவகைக் குருக்கள் ஏன் தேவைப்பட்டனர் என்று அன்று கேட்கத் தோன்றவில்லை. நெல்சன் 1868இல் எழுதிய மதுரை நாட்டுக் கையேடு பாதியிலேயே நின்றுவிட்டது; பொறுமையின்மை நம்முடையதே.

இரண்டாம் வாரத்தில் ஹார்டுகிரேவ் 1969இல் வெளியிட்ட நாடார் வரலாறு. மகமை நிதி, கல்விச்சாலைகள், அருப்புக்கோட்டையும் பாளையம்பட்டியும் இடம்பெறும் வணிக ஊர்கள் என நாம் அன்றாடம் நடக்கும் தெருக்கள் அதில் வந்தன. ஆயினும் நம்மை நிறுத்தியது கமுதி. ரமணர் பிறந்த திருச்சுழியைக் கடந்து, குண்டாற்றின் போக்கிலே தென்கிழக்கே சென்றால் வரும் ஊர் அது. 1897 மே மாதம் நாடார் சிலர் அங்குள்ள மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலினுள் சென்று வழிபட்டனர். இராமநாதபுரம் பாஸ்கர சேதுபதி வழக்குத் தொடர்ந்தார். விவேகானந்தரைச் சிகாகோ செல்லத் தூண்டியவரும் அவரே என்பது நினைவில் கொள்ளத்தக்கது. 1899இல் மதுரை நீதிமன்றம் நாடாருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஜூனில் சிவகாசி எரிந்தது. இடையில் சேதுபதி சமரசத்துக்கு இசைந்தும் வழக்கு நிற்கவில்லை. இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1908இல் அங்கும் நாடார் தோற்றனர். வழக்கம் என்ற ஒரு சொல்லே வென்றது.

அன்றிரவு நாம் மிகுந்த சினத்தோடு நூலை மூடினோம். அச்சினத்தில் சிறிது பெருமிதமும் கலந்திருந்தது. கோயில் நம்முடையதன்று, ஆகவே பழியும் நம்முடையதன்று என்று எண்ணியிருக்க வேண்டும்.

அடுத்த வாரமே அப்பெருமிதம் உடைந்தது. திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளம் பற்றி வாசித்தோம். அங்கே 1872இல் எழுந்த ஆலயம் பீடத்தில் சேரும் இரு கால்களாகக் கட்டப்பட்டது: வெள்ளாளருக்கு ஒன்று, நாடாருக்கும் ஏனையோருக்கும் மற்றொன்று. நடுவே சுவர். பூசை ஒன்று, குரு ஒருவர். மக்கள் மட்டும் ஒருவரையொருவர் காணலாகாது! 1910இல் திருச்சபைத் தலைமை அச்சுவரை அகற்றியது. வெள்ளாளக் கத்தோலிக்கர் நீதிமன்றம் ஏறினர். சென்னை உயர்நீதிமன்றம் அவர்கள் கோரிய உரிமையை ஏற்கவில்லை. கமுதியில் வென்ற வழக்கம் வடக்கன்குளத்தில் தோற்றது. ஆனால் அதைக் காக்க வழக்காடியவர்கள் ஞானஸ்நானம் பெற்றவர்கள்.

மாதக் கடைசியில் வாசித்தது டேவிட் மோஸ் 2012இல் வெளியிட்ட நூல். 1980களில் இராமநாதபுரத்து வறண்ட பகுதியின் சிற்றூர் ஒன்றில் தங்கி, கத்தோலிக்கரிடையே சாதி எவ்வாறு வாழ்ந்தது, எவ்வாறு எதிர்க்கப்பட்டது என ஆராய்ந்தவர் அவர். ஆலயத்தில் யார் எங்கே அமர்ந்தனர், திருவிழாவில் யாருக்கு முதல் மரியாதை என்பன போன்ற சிறு செய்திகளே அந்நூலின் வலிமை. வாசிக்க வாசிக்க, நம் பாட்டியாரின் ஊர் கண்முன் வந்தது. அங்கே கல்லறைத் தோட்டங்கள் இரண்டு. ஏன் இரண்டு என்று சிறுவயதில் நாம் வினவியதில்லை, யாரும் சொன்னதுமில்லை.

நவம்பர் 2 அன்று, இறந்தோர் நினைவு நாளில், அவ்வூருக்குச் சென்றோம். வழக்கம்போல் பாட்டியாரின் கல்லறையில் மெழுகுதிரி ஏற்றினோம். பின்னர் கண்மாய்க் கரையோரமாக நடந்து மற்றத் தோட்டத்திற்குப் போனோம். அங்கும் திரிகள் எரிந்துகொண்டிருந்தன. கையில் இரண்டு திரிகள் மீதமிருந்தன. யாருடைய கல்லறையில் வைப்பதென்று தெரியாமல், பெயர் அழிந்துபோன ஒரு சிலுவையருகே அவற்றை ஏற்றிவைத்தோம். அங்கிருந்த முதியவர் ஒருவர், "யாரைத் தேடி வந்தீங்க?" என்று கேட்டார். நம்மிடம் விடையில்லை.