வெள்ளைக் கட்டு போட்ட பாம்பு: கட்டுவிரியனா, இல்லையா?

மழைக்காலம் ஆரம்பிச்சாலே எனக்கு வாட்ஸ்அப்ல ஒரே மாதிரி போட்டோ வர ஆரம்பிச்சிடும். பாத்ரூம் மூலையில ஒரு சின்னப் பாம்பு, கறுப்பா அல்லது பழுப்பா, உடம்புல வெள்ளைக் கட்டு. கீழே ஒரு வரி: “இது கட்டுவிரியனா?” இன்னைக்கு எபிசோடு இந்தக் கேள்வியோட வரலாறுதான். இந்தக் கேள்விக்கு இருநூறு வருஷத்துக்கு மேல வயசாச்சு.

பேட்ரிக் ரஸ்ஸல்னு ஒரு ஸ்காட்லாந்து டாக்டர். சிரியாவோட அலெப்போ நகரத்துல வைத்தியம் பார்த்தவர், 1780களில் விசாகப்பட்டினம் வந்து சேர்ந்தார். கிழக்கிந்தியக் கம்பெனி அவரை இயற்கை ஆய்வாளராக நியமித்தது. அவருக்கு முன்னால் இருந்த பிரச்சினை ரொம்ப நடைமுறையானது. கடிபட்டவரைக் கொண்டு வருவாங்க, கூடவே பாம்பையும் கொண்டு வருவாங்க. அது விஷமுள்ளதா, இல்லையா? இதைச் சொல்ல ஒரு புத்தகம் கிடையாது. அந்தக் காலத்துல பேர்போன “தஞ்சாவூர் மாத்திரை”ன்னு ஒரு விஷமுறிவு மருந்து இருந்தது. அதில் ஆர்சனிக் கலந்திருந்தது! விஷமில்லாத பாம்பு கடிச்சவங்க எந்த மருந்து சாப்பிட்டாலும் பிழைச்சுக்குவாங்க, பேர் மருந்துக்குப் போயிடும். அதனால பாம்பை அடையாளம் தெரியாம மருந்தையும் எடைபோட முடியாது.

ரஸ்ஸல் ஊர்க்காரங்க கொண்டு வந்த பாம்புகளின் வாயைத் திறந்து விஷப்பல் இருக்கான்னு பார்த்தார். கோழிகளையும் நாய்களையும் கடிக்க வைத்துச் சோதித்தார். இன்னைக்குக் கேட்டா நமக்குக் கஷ்டமா இருக்கும், ஆனா நடந்தது அதுதான். 1796-ல் வந்த அவருடைய சோழமண்டலக் கடற்கரைப் பாம்புகள் பற்றிய நூலில் எனக்குப் பிடிச்ச விஷயம், ஒவ்வொரு படத்தோடவும் உள்ளூர்க்காரங்க சொன்ன பேரையே எழுதியிருப்பார். தெலுங்கில் ‘பங்காரு’ன்னா தங்கம். ‘பங்காரு பாமு’ன்னு ஊர்க்காரங்க சொன்னதிலிருந்து வந்ததுதான் விரியன்களில் ஒரு முழுப் பேரினத்துக்கு இன்னைக்கும் இருக்கிற ‘பங்காரஸ்’ என்ற அறிவியல் பெயர். நம்ம கட்டுவிரியன் அந்த வகைதான். ஊர்க்காரங்க ‘கடுக ரேகுல போடா’ன்னு சொன்ன கண்ணாடி விரியனுக்கு மட்டும் பின்னாடி ரஸ்ஸல் பேரையே வச்சுட்டாங்க.

சரி, பாத்ரூம் பாம்புக்கு வருவோம். வீட்டுக்குள்ள வந்து நம்மை ஏமாத்துறது பெரும்பாலும் ஓநாய்ப் பாம்பு. வெள்ளிக்கோல் வரையன்னும் சொல்றாங்க. 1758-லேயே லின்னேயஸ் இதுக்கு ‘ஆலிக்கஸ்’னு பேர் வைத்தார், லத்தீனில் ‘அரசவையைச் சேர்ந்தது’ன்னு அர்த்தம். விஷம் கிடையாது. சுவர் ஏறும், ராத்திரியில பல்லி பிடிச்சுத் தின்னும். பல்லி இருக்கிற வீடு அதுக்கு ஹோட்டல் மாதிரி.

இதில் வெள்ளைப் பட்டைகள் கழுத்துப் பக்கமே ஆரம்பிச்சு, வாலை நோக்கிப் போகப் போக மங்கிடும். கட்டுவிரியனில் நேர்மாறு: தலைக்குக் கொஞ்ச தூரம் தள்ளித்தான் ஆரம்பிக்கும், பெரும்பாலும் ஜோடி ஜோடியா மெல்லிய கோடுகள், வால் பக்கம் தெளிவா இருக்கும். ஆனா இதெல்லாம் புத்தகத்துப் படத்துக்குத்தான் சரியா பொருந்தும். குட்டியில், தோல் உரிக்கிற நேரத்தில், டார்ச் வெளிச்சத்தில் கணக்கு மாறிடும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃபிராங்க் வால் என்ற ராணுவ டாக்டர் இதுக்கு வழி சொன்னார். இலங்கை நுவரெலியாவில் பிறந்தவர். நிறத்தை நம்பாதீங்க, செதிலைப் பாருங்கன்னார். கட்டுவிரியனுக்கு முதுகின் நடுவில் ஓடுற செதில் வரிசை மத்ததை விடப் பெரிசா, அறுகோணமா இருக்கும். ஓநாய்ப் பாம்பில் அப்படி இல்லை. அருமையான அடையாளம்தான். ஒரே சிக்கல், இதைப் பார்க்க பாம்பு கையில இருக்கணும். செத்திருக்கணும்!

கையில எடுத்தா என்ன ஆகும்? ஜோசப் ஸ்லோவின்ஸ்கி அமெரிக்காவில் கலிபோர்னியா அறிவியல் அகாடமியின் பாம்பு நிபுணர், விரியன்களைப் பற்றி ஆராய்ச்சி செய்தவர். 2001 செப்டம்பர் 11 காலை, வடக்கு மியான்மர் காட்டுப் பகுதியில், குழுவில் ஒருத்தர் பையில ஒரு பென்சில் கனப் பாம்பைக் கொண்டு வந்தார். ஓநாய்ப் பாம்பு மாதிரியே இருக்கிற விஷமில்லாத ஒரு வகைன்னு நினைச்சிருந்தார். ஸ்லோவின்ஸ்கி பைக்குள்ள கையை விட்டார், கடிச்சது. கட்டுவிரியன் இனக் குட்டி. வலி பெருசா இல்லை. அடுத்து என்னென்ன நடக்கும்னு கூட இருந்தவங்களுக்கு அவரே சொன்னார். மணிக்கணக்கில் வாயோடு வாய் வச்சு மூச்சு கொடுத்தாங்க. மோசமான வானிலை, ஹெலிகாப்டர் வர முடியலை. மறுநாள் இறந்தார், வயசு 38.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் இறந்தவங்க சுமார் 12 லட்சம்னு ஆய்வு மதிப்பீடு. வருஷத்துக்குச் சராசரி 58,000. ரஸ்ஸல் தேடின பதிலில் இன்னைக்கு ஒரு பாதி தேவையே இல்லாமப் போச்சு. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் ஒரே விஷமுறிவு மருந்து. அதனால டாக்டர் பாம்பைக் கேட்கிறதை விட உங்களைத்தான் பார்ப்பார்: கண் இமை தொங்குதா, பேச்சு குழறுதா, இரத்தம் உறையுதா. பாம்பைப் பிடிச்சு கவர்ல போட்டு எடுத்துட்டுப் போக வேண்டாம். தூரத்துல நின்னு ஒரு போட்டோ கிடைச்சா எடுங்க, இல்லைன்னா விடுங்க. ராத்திரி தூக்கத்துல கடிபட்ட மாதிரி சந்தேகம் இருந்து, காலையில இமை கனத்தா, வென்டிலேட்டர் இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போங்க, காயம் தெரியலைன்னாலும் சரி.

அந்த மருந்துக்கு விஷம் எங்கிருந்து வருதுன்னு கேட்டா, சென்னைக்குப் பக்கத்துல வடநெம்மேலியில் இருக்கிற இருளர் கூட்டுறவு சங்கத்தைப் பத்திப் பேசணும். 1978-ல் ஆரம்பிச்சது. அது அடுத்த எபிசோடு.