குழலின் நாக்கும் மலைப்பாதையும்

நாம் விழுங்கும் ஒவ்வொரு கவளமும் மூச்சின் வாசலைத் தாண்டித்தான் உணவுக்குழலை அடைகிறது. அவ்வாசலில் இலை வடிவில் நிற்கும் குருத்தெலும்பே குரல்வளை மூடி. அரபு மருத்துவ வழக்கில் இதன் பெயர் 'லிஸானுல் மிஸ்மார்', அதாவது குழலின் நாக்கு. 'மூடி' என்னும் பெயரைவிட இதுவே பொருத்தமென எமக்குப் படுகிறது. காவல் அதனிடம் மட்டும் இல்லை. விழுங்கும்போது குரல்வளை முழுவதும் மேலெழுகிறது; குரல்நாண்கள் இறுக மூடுகின்றன; மூச்சு ஒரு நொடியளவு நிற்கிறது; இந்நாக்கும் பின்புறம் மடிகிறது. இவ்வொழுங்கு பிசகினால் புரையேறுகிறது. யாரோ நினைக்கிறார்கள் என்று உச்சியில் தட்டுவது நம் வீட்டு வழக்கம்!

முன்னோர் இவ்விடத்தைப் பெரிதும் மொழியின் பொருட்டே ஆராய்ந்தனர். தொல்காப்பியப் பிறப்பியல் எழுத்தொலி பிறக்கும் இடங்களுள் மிடற்றையும் வைத்தது. 8ஆம் நூற்றாண்டில் பஸ்ராவின் கலீல் இப்னு அஹ்மத், தொண்டையில் பிறக்கும் 'ஐன்' எழுத்தைக் கொண்டு தம் அகராதியைத் தொடங்கினார். இப்னு ஸீனா (980–1037) அரபு எழுத்தொலிகளை ஒவ்வொன்றாக விளக்குமுன் குரல்வளையின் குருத்தெலும்புகளையும் தசைகளையும் விவரித்தார். ஆயின் அவ்வாசல் அடைபட்டால் செய்வது யாது? 12ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் இப்னு ஸுஹ்ர், ஓர் ஆட்டின் மூச்சுக்குழலை அறுத்து, அப்புண் ஆறுவதைக் கண்டு எழுதிவைத்தார்.

இவ்வினா பழனி மலைக்கு அயலானதன்று. சமவெளியின் காய்ச்சலுக்கு அஞ்சிய அமெரிக்க மிஷனரிகள் 1845-இல் கொடைக்கானலில் வீடு கட்டியது நல்ல காற்றை நாடியே. 20ஆம் நூற்றாண்டில் மலைச்சாலை வரும்வரை டோலியும் குதிரையும் கால்நடையுமே வழி. வெள்ளகவி போன்ற ஊர்கள் அதன் பின்னும் நெடுங்காலம் நடைபாதையையே நம்பியிருந்தன. குரல்வளை மூடி அழற்சியோ சில மணி நேரத்தில் குழந்தையின் மூச்சை அடைத்துவிடக்கூடியது. கடுங்காய்ச்சலுடன் எச்சிலை விழுங்க மாட்டாமல் வடியவிட்டு, முன்குனிந்து அமர்ந்தே மூச்சுக்குத் தவிக்கும். கரண்டியால் நாக்கை அழுத்திப் பார்ப்பதுகூட மூச்சை முற்றிலும் அடைத்துவிடலாம். மருத்துவமனை மலையடிவாரத்தில் இருந்தால் அச்சில மணி நேரம் பாதையிலேயே கழிந்துவிடும்.

இந்நோயைக் குழந்தைகளிடம் பெரிதும் உண்டாக்கியது ஹிப் என்னும் நுண்ணுயிர். அதற்கெதிரான மருந்தும் அடங்கிய ஐந்திணைத் தடுப்பூசியை அரசு 2011 டிசம்பரில் தொடங்கியபோது, இந்தியாவில் முதலில் பெற்றவை தமிழகமும் கேரளமுமே. பிறந்த 6, 10, 14ஆம் வாரங்களில் அது போடப்படுகிறது.