ஒரிஜினல் ஜீப்புன்னா எது?

சனி, ஞாயிறுன்னா ஆளே சிக்க மாட்டேங்குறியே, எங்கடா போறேன்னு கேக்குற எல்லாருக்கும் சேர்த்து ஒரே பதில்: ஜீப். நானும் காலேஜ் நண்பன் ஒருத்தனும் கூட்டு சேர்ந்து, போடி பக்கம் ஒரு ஏலக்காய் எஸ்டேட் ஷெட்ல கோழி அடைஞ்சிட்டிருந்த 1962 மாடல் மஹிந்திரா ஜீப்பை வாங்கிட்டோம். வாரத்துல அஞ்சு நாள் ஆபீஸ்ல ஆணி, மிச்சம் ரெண்டு நாள் நிஜமாவே துருப்பிடிச்ச ஆணி. நல்ல பொழப்பு :-)

இப்ப எங்க ரெண்டு பேருக்கும் ஒரு சண்டை. நண்பனுக்கு வண்டியை "ஒரிஜினல்" ஆக்கணும். அதாவது ராணுவப் பச்சை பெயின்ட், பானெட்ல வெள்ளை நட்சத்திரம், பின்னாடி ஒரு ஜெர்ரி கேன். பானெட்டைத் தூக்கினா உள்ள இருக்கிறதோ டீசல் எஞ்சின். பெட்ரோல் எஞ்சினோட பொறந்த வண்டி. ஆர்.சி. புக்ல எண்பதுகள்ல டீசலுக்கு மாத்தினதா முறையா பதிவு பண்ணி, சீல் குத்தியிருக்கு. அதைப் பிடுங்கி எறிஞ்சிட்டு பழைய பெட்ரோல் எஞ்சின் ஒண்ணு தேடிப் பிடிக்கணும்ங்கிறான். எனக்கு மனசு ஒப்பலை. ஏன் ஒப்பலைன்னு அவனுக்கு விளக்கப் போயி, நானே உக்காந்து ஜீப்போட பூர்வீகத்தைப் படிக்க வேண்டியதாப் போச்சு.

1940 ஜூலை 11. ஐரோப்பாவுல பிரான்ஸ் விழுந்தாச்சு. அமெரிக்க ராணுவம் அவசர அவசரமா 135 கம்பெனிகளுக்கு ஒரு கடுதாசி போடுது. நாலு சக்கரமும் இழுக்கிற சின்ன வண்டி வேணும், எடை 590 கிலோ தாண்டக் கூடாது, மாதிரி வண்டி 49 நாள்ல வந்தாகணும். நம்ம ஆபீஸ்ல கிளையன்ட் குடுக்குற டெட்லைன் எவ்வளவோ தேவலை. 135 பேர்ல உருப்படியா எழுந்து நின்னது மூணு பேர். பென்சில்வேனியா மாநிலம் பட்லர் ஊர்ல இருந்த, கிட்டத்தட்ட திவாலாகிப் போன அமெரிக்கன் பான்டம் அதுல ஒண்ணு. வில்லிஸ் ஓவர்லேண்ட், ஃபோர்டு மத்த ரெண்டு.

பான்டம்ல சொல்லிக்கிற மாதிரி எஞ்சினியர்கூட இல்லை. கார்ல் ப்ராப்ஸ்ட்னு வெளியாள் ஒருத்தரைக் கெஞ்சிக் கூட்டிட்டு வந்தாங்க. மனுஷன் ரெண்டே நாள்ல மொத்த வண்டிக்கும் படம் போட்டுட்டார். புதுசா எதையும் செஞ்சு பார்க்க நேரமில்லை. எஞ்சின் கான்டினென்டல் கம்பெனிக்கிட்ட இருந்து, ஆக்ஸில் ஸ்பைசர்கிட்ட இருந்து, இப்படி சந்தையில கிடைச்சதையெல்லாம் கோத்துக் கட்டின வண்டி அது. செப்டம்பர் 23 சாயங்காலம் கெடு முடிய அரை மணி நேரம் இருக்கும்போது, ப்ராப்ஸ்டே கூட இருந்து ஓட்டி ஹோலாபேர்டு ராணுவ முகாமுக்குள்ள கொண்டு போய் நிறுத்தினாங்க.

அப்புறம் நடந்ததுதான் அநியாயம். சின்னக் கம்பெனி, இவங்களால எவ்வளவு செஞ்சு குடுக்க முடியும்னு ராணுவத்துக்கு சந்தேகம். பான்டம் வரைபடத்தை வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் காட்டிட்டாங்க. வில்லிஸ்கிட்ட பார்னி ரூஸ் தேத்தி வச்சிருந்த 60 குதிரைத்திறன் எஞ்சின் இருந்தது. பேரு "கோ டெவில்". சக்தியில மத்த ரெண்டு வண்டியும் கிட்ட நிக்க முடியலை, ஆனா எடை ஜாஸ்தி. ராணுவம் எடை வரம்பை 980 கிலோ வரைக்கும் தளர்த்தினதுக்கு அப்புறமும் இடிச்சது. ரூஸ் வண்டியைக் கழட்டி, போல்ட் நீளத்தையெல்லாம் வெட்டி, கடைசில பெயின்ட்டைக்கூட ஒரு கோட்டோட நிறுத்தித்தான் உள்ள நுழைஞ்சார்னு கதை. 1941 ஜூலைல 16,000 வண்டிக்கு ஆர்டர் வில்லிஸுக்குப் போச்சு. அவங்களால மட்டும் முடியாதுன்னு அதே டிசைனை ஃபோர்டும் செஞ்சது. போர் முடியுறதுக்குள்ள ரெண்டு பேருமா ஆறு லட்சத்துக்கும் மேல ஜீப் இறக்கிட்டாங்க. பெத்தெடுத்த பான்டம் மொத்தமே மூவாயிரத்துக்கும் கீழதான் செஞ்சது. அப்புறம் ஜீப்புக்குப் பின்னாடி கட்டி இழுக்கிற டிரெய்லர் செய்ய விட்டாங்க. இதைப் படிச்சிட்டு எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. நம்ம எழுதின கோடை எவனோ டெமோ காட்டி பிரமோஷன் வாங்கின மாதிரி.

ஜீப்புன்னா ஞாபகம் வர்ற அந்த முகம் இருக்கே, நெடுக்குக் கம்பி கிரில், அதுவும் வில்லிஸ் சொத்து இல்லை. வில்லிஸ் முதல்ல இரும்புப் பட்டைகளை வெல்டு வச்சுத்தான் கிரில் செஞ்சிட்டிருந்தாங்க. ஒரே தகட்டை அழுத்தி எடுத்தா மலிவா முடியுமேன்னு கண்டுபிடிச்சது ஃபோர்டு. அதை வில்லிஸும் எடுத்துக்கிச்சு. ஃபோர்டுக்காரன் தன் வண்டியில போல்ட் தலையில எல்லாம் "எஃப்"னு எழுத்து குத்தி வச்சான். இன்னைக்கும் பழைய ஜீப் வாங்குறவங்க டார்ச் அடிச்சு அந்த எழுத்தைத்தான் தேடுவாங்க. ஆனா போர்க்களத்துல பாகம் எல்லாம் கலந்து கட்டி மாட்டினதால, வில்லிஸ் வண்டியில ஃபோர்டு போல்ட், ஃபோர்டு வண்டியில வில்லிஸ் எஞ்சின்னு சர்வ சாதாரணம். போர் முடிஞ்சதும், ஜீப்பை உருவாக்கினது நாங்கதான்னு வில்லிஸ் விளம்பரம் குடுக்க, அது பான்டம் யோசனைன்னு 1948-ல அமெரிக்க வர்த்தக ஆணையம் கொட்டு வச்சது. ஆனாலும் 1950-ல "ஜீப்"ங்கிற வணிக முத்திரை வில்லிஸுக்கே போச்சு.

ஆக, ஒரிஜினலே ஒரு ஒட்டுவேலைதான். இதை நண்பன்கிட்ட சொன்னேன். "அது அமெரிக்கா கதை, நம்ம கதையைச் சொல்லு"ன்னான். சொல்றேன்.

இந்தியாவுக்கு ஜீப் வந்ததும் போரோடதான். அஸ்ஸாம்ல லெடோவுல ஆரம்பிச்சு பர்மாவுக்குள்ள போன ரோட்ல இந்த வண்டிங்களும் ஓடுச்சு. போர் முடிஞ்சதும் இங்க தங்கினதை டிஸ்போசல்ல வித்தாங்க. பழைய ஜீப்பைத் தட்டி நிமித்தற மெக்கானிக் பரம்பரை நம்ம ஊர்ல அங்கதான் தொடங்குது.

இதுல ஒரு கூத்து. சுதந்திர இந்தியாவோட முதல் ஊழல்னு சொல்றாங்களே, அதுவே பழைய ஜீப் வாங்கின கதைதான்! 1948, காஷ்மீர்ல சண்டை. லண்டன்ல ஹை கமிஷனரா இருந்த வி.கே. கிருஷ்ண மேனன், பழுது பார்த்த ஜீப் வாங்க 80 லட்ச ரூபாய்க்கு ஒரு கம்பெனியோட ஒப்பந்தம் போட்டார். பணத்துல பெரும்பகுதி முன்னாடியே போயிடுச்சு. வந்து சேர்ந்தது 155 ஜீப். அனந்தசயனம் அய்யங்கார் தலைமையில கமிட்டி விசாரிச்சும், 1955 செப்டம்பர்ல விவகாரம் முடிஞ்சதுன்னு அரசாங்கம் அறிவிச்சது. 1956-ல மேனன் மந்திரி. பழைய ஜீப் வாங்கப் போற மக்கா, வண்டியைக் கண்ணால பார்க்காம அட்வான்ஸ் குடுக்காதீங்க. (நாங்க குடுத்தோம். அது தனிக்கதை.)

மஹிந்திரா 1945-ல இரும்பு வியாபாரத்துக்காக ஆரம்பிச்ச கம்பெனி. அப்ப பேரு மஹிந்திரா அண்ட் முகம்மது. பங்காளியான குலாம் முகம்மது பிரிவினைக்கு அப்புறம் பாகிஸ்தானோட முதல் நிதி மந்திரியாப் போயிட்டார். 1948-ல பேரு மஹிந்திரா அண்ட் மஹிந்திரா ஆச்சு. 1949-ல பம்பாய் மஸகான்ல வில்லிஸ் ஜீப்பைப் பாகம் பாகமா இறக்கிக் கோக்க ஆரம்பிச்சாங்க. நாங்க வாங்கினது சி.ஜே.3பி. 1953-ல வில்லிஸ் இந்த மாடலுக்குள்ள வச்ச ஹரிகேன் எஞ்சின் உயரம் ஜாஸ்தி, அதனால பானெட்டையே மேல தூக்கி வச்சுட்டாங்க. நெத்தி ஏறின மாதிரி ஒரு முகவெட்டு வருமே, அதுதான். அமெரிக்காவுல இந்த மாடல் 1968-ல நின்னு போச்சு. இங்க அதோட வாரிசுங்க 2010 வரைக்கும் வந்துச்சு. தாசில்தார், போலீஸ், வனத்துறை, ஓட்டுக் கேட்டு வர்ற திறந்த ஜீப்னு நாம பார்த்தது எல்லாமே இந்தக் குடும்பம்.

1973-ல எண்ணெய் நெருக்கடி. பெட்ரோல் விலை எகிறினதும் பெட்ரோல் ஜீப்பை வச்சிருக்கிறது யானை கட்டித் தீனி போடுற கதை ஆயிடுச்சு. மஹிந்திராவே இன்டர்நேஷனல் டிராக்டரோட டீசல் எஞ்சினை எடுத்து ஜீப்ல வச்சது. எண்பதுகள்ல பியூஜோ டீசல் வந்தது. ரோட்டோர ஒர்க்‌ஷாப்காரங்க இன்னும் ஒரு படி மேல. பழைய பெட்ரோல் ஜீப்பெல்லாம் வரிசையா டீசலாச்சு, மேட்டடோர் வேன் எஞ்சின்கூட உள்ள போச்சு. எஞ்சின் மவுன்ட் வெட்டி ஒட்டி, பெல் ஹவுசிங்குக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவுல தகடு கடைஞ்சு போட்டு, எந்த டிராயிங்கும் இல்லாம கண் அளவுல செஞ்ச வேலை. நாலு வருஷம் எஞ்சினியரிங் படிச்ச எனக்கு அந்தத் தகட்டைக் கடையத் தெரியாது.

எங்க வண்டிக்கு எஞ்சின் மாத்தினவரையே போடியில கண்டுபிடிச்சோம். எழுபது வயசு தாண்டியாச்சு. வண்டியைப் பார்த்ததும் கையை உள்ள விட்டு அந்தத் தகட்டைத்தான் தடவிப் பார்த்தார். "பெட்ரோல் எஞ்சின் தேடுறோம் ஐயா"ன்னு நண்பன் சொன்னான்.

"எதுக்குத் தம்பி? பெட்ரோல்ல இது மலை ஏறுனா எஸ்டேட்டை வித்துட்டுத்தான் எறங்கணும். பதினாலு பேரை ஏத்திக்கிட்டு வருசக்கணக்கா மேல போயி வந்த எஞ்சின் இது."

இங்கதான் சட்டம் குறுக்க வருது. 2021 ஜூலைல மத்திய அரசு பழைய வண்டிகளுக்குன்னு தனி விதி போட்டது. 50 வருஷம் தாண்டினா, 20,000 ரூபாய் கட்டி "வி.ஏ." எழுத்தோட வின்டேஜ் நம்பர் வாங்கலாம், பத்து வருஷத்துக்கு செல்லும். தினம் ஓட்டக் கூடாது, கண்காட்சி, ராலி மாதிரி விஷயங்களுக்கு மட்டும்தான் ரோட்ல எடுக்கலாம். நல்ல விதிதான், பழசையெல்லாம் காயலான் கடைக்கு அனுப்புற காலத்துல இதாவது வந்துச்சே. ஆனா சேஸிஸ், பாடி, எஞ்சின்ல பெரிய மாத்தம் பண்ணாம பொறந்த மேனியா இருக்கணுமாம். அப்படிப் பார்த்தா இந்தியாவுல நெசமா உழைச்ச ஜீப்ல பாதிக்கு மேல வின்டேஜே கிடையாது. ஷெட்ல சும்மா நின்ன ஜமீன் வண்டிக்கு மரியாதை, மலையேறின வண்டிக்கு இல்லை.

நண்பன் இன்னும் முழுசா இறங்கி வரலை. போன வாரம் பானெட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சோம். மேல நீலம், அதுக்குக் கீழ வெள்ளை, அதுக்கும் கீழ சாம்பல். வெள்ளையில எஸ்டேட் பேரோட கடைசி மூணு எழுத்து மங்கலாத் தெரிஞ்சது. தேய்க்கிறதை நிறுத்திட்டு ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துட்டு நின்னோம். அந்த இடத்தை மட்டும் தொடாம விட்டுட்டு மத்ததுக்குப் பச்சை அடிக்கலாமான்னு கேக்குறான். வெள்ளை நட்சத்திரத்தைப் பத்தி இப்ப பேச்சில்லை. எஞ்சின் இருக்கிற இடத்துலயே இருக்கு, வி.ஏ. நம்பரை மறந்தாச்சு. வர்ற சனிக்கிழமை பிரேக் மாஸ்டர் சிலிண்டர் வேலை.