நரைத்த தலைக்கு ஒரு விசா

போன மாதம் எங்கள் கிளைக்கு ஒரு பெரியவர் வந்திருந்தார். ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், பூர்வீகம் தஞ்சாவூர்ப் பக்கம், செம்பூரில் ஜாகை. "சார், பென்ஷனைக் காட்டினா மலேசியாவில் பத்து வருஷம் இருக்க விசா தர்றானாமே? கிள்ளான்ல எங்க அக்கா இருக்கா. அப்பா தோட்ட வேலைக்குப் போன காலத்துல அங்கேயே பிறந்தவ. அங்கேயே கட்டிக் கொடுத்துட்டு நாங்க திரும்பிட்டோம்" என்றார்.

அவர் கேள்விப்பட்டது பொய்யில்லை. கொஞ்சம் பிந்திவிட்டார், அவ்வளவுதான்.

உழைத்துச் சம்பாதிக்க வராதே, உட்கார்ந்து சாப்பிட வா என்று அயலானை அழைப்பது விசித்திரமான யோசனைதான். கோஸ்டாரிகா 1971லேயே இதற்குத் தனிச் சட்டம் போட்டது. பென்ஷன்காரர் ஒரு வகை. வட்டி, வாடகை மாதிரி நிலையான வருமானம் உள்ளவர் இன்னொரு வகை. சம்பளம் கணக்கில் வராது. உள்ளூர்க்காரன் வேலையைப் பறிக்காமல், வெளியூர்ப் பணத்தை உள்ளூர்க் கடையில் செலவழிக்கும் ஆசாமி வேண்டும்!

மலேசியா 1996ல் இதைத் தொடங்கியது. திட்டத்தின் பெயரே 'சில்வர் ஹேர்', நரைமுடி. 2002ல் 'மலேசியா மை செகண்ட் ஹோம்' என்று பெயர் மாற்றி, வயது வரம்பையும் தளர்த்தினார்கள். பல வருஷம் நடப்பில் இருந்த விதி இது: 50 வயதைத் தாண்டியவருக்கு மாதம் 10,000 ரிங்கிட் வெளிநாட்டு வருமானம், அங்குள்ள வங்கியில் 1,50,000 ரிங்கிட் வைப்பு. அரசு பென்ஷனே 10,000 ரிங்கிட் வந்தால் வைப்பு வேண்டாம். விசா பத்து வருஷம். நம் பெரியவருக்கு அந்தக் காலத்திலும் மாதக் கணக்கு இடித்திருக்கும். ஆனால் பி.எஃப்., கிராஜுவிட்டியில் வைப்பைத் தேற்றியிருக்கலாம். அன்றைய மதிப்பில் 25 லட்சம் சொச்சம்தான்.

2020ல் திட்டத்தை நிறுத்தினார்கள். 2021ல் திரும்ப வந்தபோது மாத வருமானம் 40,000 ரிங்கிட், வைப்பு பத்து லட்சம் ரிங்கிட். ஜொகூர் சுல்தானே இதை வெளிப்படையாகக் குறை சொன்னார். 2024ல் இன்னொரு திருப்பம். மாத வருமான நிபந்தனையே போயிற்று; சில்வர், கோல்ட், பிளாட்டினம் என்று மூன்று படிகள். அடிப்படி சில்வருக்கே 1,50,000 டாலர் வைப்பு, அதோடு ஆறு லட்சம் ரிங்கிட்டுக்கு வீடு. தனிப் பொருளாதார மண்டலத்தில் 50 தாண்டியவருக்கு 32,000 டாலர் போதும் என்றார்கள். ஆனால் வீட்டையும் அந்த மண்டலத்திலேயே வாங்க வேண்டும், கிள்ளானில் அல்ல.

வங்கிக்காரன் கண்ணுக்கு இதில் பட்டது ஒன்றுதான். மாதாமாதம் தவறாமல் வரும் பென்ஷன் இப்போது ஒரு தகுதியே இல்லை. நரைக்கு மதிப்பில்லை, கையில் மொத்தமாக இருக்கும் முதலுக்குத்தான்.

பணத்தை அனுப்புவதில் சிக்கல் இல்லை. ரிசர்வ் வங்கி 2004ல் தலைக்கு வருஷம் 25,000 டாலர் என்று தொடங்கிய தாராளத் திட்டம் 2015லிருந்து 2,50,000 டாலர். சில்வர் வைப்பு அதற்குள் அடங்கும். அனுப்பப் பணம் வேண்டாமா?

இதையெல்லாம் சொன்னதும் பெரியவர் சிரித்தார். "அக்கா அங்கேயே பிறந்து, அங்கேயே பால்மரம் வெட்டினவ. அவளே எத்தனையோ வருஷம் சிவப்பு அட்டைதான் சார்" என்றார்.

குடிமக்களுக்கு நீல அட்டை, நிரந்தரவாசிகளுக்குச் சிவப்பு. அந்த மண்ணிலேயே ஆயுளைக் கழித்தும் பத்திரம் இல்லாததால் சிவப்பிலேயே நின்றுபோன தோட்டத் தமிழர்கள் பலர். 2018 ஜூனில்தான் பிரதமர் மகாதீர், 60 வயதைக் கடந்த 3,407 இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை தருவதாக அறிவித்தார். வெளிநாட்டு நரைமுடிக்குக் கதவு திறந்து அப்போது 22 வருஷம் ஆகியிருந்தது.

மலேசியா 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களை 30 நாள் விசா இல்லாமலே அனுமதித்ததையும், அதைப் பின்னர் 2026 முடிய நீட்டித்ததையும் சொன்னேன். விரல் விட்டு எண்ணினார்.

"நவம்பர்ல இங்க உயிர்வாழ் சான்றிதழ் கொடுக்கணும். அதை முடிச்சுட்டுப் போயிட்டு, பொங்கலுக்குள்ள வந்துடறேன்" என்று பாஸ்புக்கை மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டார்.