திருமுற்றத்து நீரும் திருக்குளமும்

திருக்கோயிலுட் புகுவார் விமானத்தையும் கோபுரத்தையும் அண்ணாந்து நோக்கி வியப்பர்; காலின்கீழ்த் தளவரிசை எப்புறம் சாய்ந்துள்ளது என்று குனிந்து நோக்குவார் மிகச் சிலரே. முதலாம் இராசராச சோழர் 1010-ஆம் ஆண்டில் நிறைவேற்றிய தஞ்சைப் பெருவுடையார் திருக்கோயிலின் திருமுற்றம் ஏறத்தாழ 500 அடி நீளமும் 250 அடி அகலமும் உடையது. அப்பரப்பில் ஓர் அங்குல மழை பொழியின் திரளும் நீர் ஏறக்குறைய 2,95,000 லிட்டராகும். அந்நீரை வீணே ஓடவிடாது, நிலத்தடி நீர்வழியால் அருகிலுள்ள சிவகங்கைக் குளத்திற் சேர்த்தனர் முன்னோர். பின்னர் நாயக்கர் காலத்தில், செவ்வப்ப நாயக்கன் ஏரி நீரும் அக்குளத்தை அடைந்து, அங்கிருந்து நிலத்தடிக் குழாய்களின் வழியே ஊரினுள் ஐயன் குளத்திற்கும் சென்றது. கோயில் நீர் ஊர் நீராயிற்று என்க.

மழைநீர் மட்டுமன்று, ஒருமுறை பயன்பட்ட நீரும் போற்றப்பட்டது. கிழக்கு நோக்கிய சந்நிதியில் திருமஞ்சன நீர் வடபுறத்துக் கோமுகியின் வழியே வெளிப்படும். அதனை நந்தவனத்திற்குப் பாய்ச்சுதல் பல திருக்கோயில்களில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். இறைவன் ஆடிய நீரே மறுநாள் மாலைக்குரிய மலரை வளர்த்தது! எண்ணெயும் நெய்யும் மிகுந்த நீரைச் சிறு தொட்டியில் தெளியவைத்தே விடுதல் வேண்டும். இன்றேல் மண்ணின் துளைகள் அடைபடும்.

இப்பணிகளைப் பேணுதற்கு ஆட்சி முறையும் இருந்தது. முதலாம் பராந்தகர் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) ஏரி வாரியத்தையும் தோட்ட வாரியத்தையும் தனித்தனியே கூறுகின்றன. அடியார் செய்த தொண்டோ அதனினும் பெரிது. திருவாரூர்க் கமலாலயத்தின் பரப்பு ஐந்து வேலி என்பர். கண்ணொளி இல்லாத தண்டியடிகள் நாயனார் அக்குளத்தினுள்ளும் கரையிலும் தறி நட்டு, கயிறு கட்டி, அக்கயிற்றைத் தடவிச் சென்று மண் சுமந்தார் எனப் பெரியபுராணம் கூறும்.

தமிழக அரசு 2003-ஆம் ஆண்டில் மழைநீர்ச் சேமிப்பை எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கியது. திருக்கோயில்களுக்கு அது புதிதன்று. எனினும் பழையதைக் காத்தலே அரிதாயிற்று. திருப்பணியின்போது பழந்தளத்தின்மேல் புதுக்கல் பாவுங்கால் தூம்பின் வாய் மறைந்துவிடுதல் உண்டு. பெயர் பொறித்த பளிங்குக்குப் பொருள் தருவார் பலர். தூர்ந்த வரத்துக்காலைத் தோண்டப் பொருள் தருவாரோ அரியர். வரத்துக்கால் அடைபட்ட குளத்திற்குப் படித்துறை மட்டும் புதுக்கப்படின், தெப்பத் திருநாளுக்கு லாரியில் நீர் கொணர நேரும்.