மானிப்பாய் வகுப்புக்கு வந்தவர்கள்

நேயர்களே, வைத்தியம் கற்க வருபவர் அதற்கு முன்னர் எதைக் கற்றிருக்க வேண்டும்? இன்று கேட்டால் உயர்தரத்துப் பிள்ளைகள் உடனே சொல்வார்கள்: உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்தில் இக்கேள்விக்கு வேறு வேறு விடைகள் இருந்தன.

சரவணை போன்ற தீவகக் கிராமங்களில் வைத்தியக் கல்வி பரியாரியார் வீட்டிலேயே நடந்தது. தகப்பனிடமோ மாமனிடமோ மூலிகை பிடுங்கவும், உரலில் இடிக்கவும், குளிசை உருட்டவும் பழகிய பின்னர்தான் நாடி பார்க்கும் காலம் வரும். செகராசசேகரம், பரராசசேகரம் முதலிய வைத்திய நூல்கள் செய்யுளில் அமைந்தவை. ஆதலால் செய்யுளைப் பிரித்துப் பொருள் கொள்ளும் தமிழறிவு மாணவனுக்கு இன்றியமையாததாயிற்று. (இதைச் சொல்லும்போது ஒரு தமிழாசிரியனுக்குச் சற்றுப் பெருமை வருவதை நேயர்கள் பொறுத்தருள்க.)

1847 இல் அமெரிக்க மிசனைச் சேர்ந்த டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் இங்கு வந்தார். அடுத்த ஆண்டே மானிப்பாயில் மேலைத்தேய வைத்தியம் கற்பிக்கத் தொடங்கினார். அவருடைய தொடக்ககால மாணவர்கள் 1823 இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்தவர்கள். ஆங்கிலம், கணிதம், இயற்கை விஞ்ஞானம் ஆகியவற்றோடு தமிழும் அங்கே ஆழமாகக் கற்பிக்கப்பட்டது. அத்தகைய அத்திவாரத்தின் மேல் வைத்தியத்தை ஆங்கிலத்தில் கற்பிப்பது கடினமாக இருக்கவில்லை.

1855 இல் செமினரி மூடப்பட்டது. மாணவர் வந்த ஊற்று வற்றிற்று. இன்னொரு சங்கடமும் இருந்தது. ஆங்கிலத்தில் பயின்ற வைத்தியர்கள் உத்தியோகத்தை நாடி வெளியிடங்களுக்குப் போய்விட, நோயாளி கிராமத்திலேயே கிடந்தான். எனவே 1864 இல் கிறீன் வகுப்பைத் தமிழுக்கு மாற்றினார். ஆங்கிலம் அறியாதவனும் இனி வரலாம்.

ஆனால் அவன் கையில் எந்த நூலைக் கொடுப்பது? கிறீனும் அவருடைய மாணவர்களும் ஆங்கில வைத்திய நூல்களைத் தமிழாக்கினர். சத்திரசிகிச்சை "இரண வைத்தியம்" ஆயிற்று. உடற்கூற்றியல் "அங்காதிபாதம்" என்றும், உடற்றொழிலியல் "சுகரணம்" என்றும் பெயர் பெற்றன. "கெமிஸ்தம்" என்ற சொல் காதுக்கு இதமாக இல்லைத்தான். எனினும் மாணவன் வரும்வரை காத்திராமல், அவனுக்கு விளங்கும் மொழியை ஆக்க முயன்ற அந்தத் துணிவு பெரிது. ஆங்கிலத்திலும் தமிழிலுமாக அவரிடம் பயின்று வைத்தியரானோர் அறுபதுக்கும் மேற்பட்டோர்.

1873 இல் கிறீன் நாடு திரும்பினார். தமிழ் வகுப்பு நெடுங்காலம் நிலைக்கவில்லை. 1870 இல் கொழும்பில் தொடங்கிய அரசாங்க மருத்துவக் கல்லூரி ஆங்கிலத்திலேயே கற்பித்தது. 1978 இல் யாழ்ப்பாணத்தில் மருத்துவ பீடம் அமைந்தபோதும் கற்பித்தல் ஆங்கிலத்தில்தான். தமிழில் உயர்தரம் படித்துத் தேறி அங்கே நுழையும் தீவகத்துப் பிள்ளை, தனக்கு நன்கு தெரிந்த சிறுநீரகத்தையும் நாளத்தையும் முதலாம் வருடத்தில் மீண்டும் ஒருமுறை பெயர் கேட்டு அறிமுகம் செய்துகொள்கிறது.