காருக்குள் திரும்பிய ஒலிபெருக்கி

1935 செப்டம்பர் 10 அன்று மைசூரில், மகாராஜா கல்லூரியின் உளவியல் பேராசிரியர் எம். வி. கோபாலசுவாமி தம் இல்லத்தில் ஒரு தனியார் வானொலி நிலையத்தைத் தொடங்கினார். அதன் 'ஆகாசவாணி' என்னும் பெயரே பிற்காலத்தில் அகில இந்திய ஒலிபரப்புக்கும் உரியதாயிற்று. நிலையத்தின் தொடக்க ஆற்றல் 30 வாட். இன்று அதே நகரில் ஒரு காரின் இருக்கைக்கு அடியில் பொருத்தப்படும் நான்கு சேனல் ஆம்ப்ளிஃபையர், ஒவ்வொரு சேனலிலும் அதைவிடக் கூடுதலான வாட் தருகிறது. வானலையாகப் பரவும் ஆற்றலையும் ஸ்பீக்கரை இயக்கும் ஆற்றலையும் நேராக ஒப்பிடுவது பிழை என்பது உண்மையே. ஆயினும், ஒரே ஒரு பேட்டரியை நம்பியிருக்கும் வண்டிக்குள் அவ்வளவு ஆற்றல் எவ்வாறு புகுந்தது என்பது ஆராயத்தக்க கேள்வி.

தொடக்ககாலத் தடை வோல்ட்டில் இருந்தது. வால்வுகள் செம்மையாக இயங்க 200 வோல்ட் அளவில் மின்னழுத்தம் தேவைப்பட்டது; அக்காலக் கார் பேட்டரியோ 6 வோல்ட். அமெரிக்காவில் கால்வின் நிறுவனம் 1930 இல் 'மோட்டோரோலா' என்னும் பெயரில் கார் வானொலியை விற்பனைக்குக் கொணர்ந்த காலத்தில், உயர் மின்னழுத்தத்திற்கெனத் தனி பேட்டரிகளை வண்டியில் சுமக்க வேண்டியிருந்தது. சில ஆண்டுகளில் 'வைப்ரேட்டர்' அச்சுமையை நீக்கியது. பேட்டரியின் மின்னோட்டத்தை நொடிக்கு நூறு தடவைக்கு மேல் வெட்டி வெட்டி மின்மாற்றிக்குள் செலுத்துவதே அதன் பணி. வெட்டப்பட்ட மின்னோட்டத்தை மின்மாற்றி உயர்த்தித் தரும்.

இந்தியாவில் நிலைமை வேறு. காந்தி பேசிய கூட்டங்களுக்கு மோட்வானே குடும்பத்தின் சிகாகோ ரேடியோ நிறுவனம் ஒலிபெருக்கி அமைத்தது. பொதுக்கூட்டத்தில் வேரூன்றிய அந்தக் கருவி வண்டியின் கூரைக்கு ஏறியபோது, அதன் கூம்பு தெருவை நோக்கியே இருந்தது. தேர்தல் பிரச்சாரம், திரைப்பட விளம்பரம், அரசு அறிவிப்பு என எல்லாம் வெளியே நிற்பவருக்கானவை. உள்ளே இருந்தவர் கேட்பவரல்லர், பேசுபவர். தமிழ்ச் சொல்லாட்சியிலும் இதன் தடம் உண்டு. 'ஒலிபெருக்கி' என்னும் சொல் கூம்பையும் குறிக்கிறது, அதற்குப் பின்னால் குறிப்பலையைப் பெருக்கும் பெட்டியையும் குறிக்கிறது. தெருவில் நின்று கேட்டவருக்கு இரண்டையும் பிரித்தறிய வேண்டிய தேவை எழவில்லை போலும். மைக் செட் கடைக்காரர் மட்டும் 'ஆம்ப்ளிஃபையர்' என்று தனித்துச் சொன்னார்.

1955 இல் கிரைஸ்லரும் ஃபில்கோவும் முழுவதும் டிரான்சிஸ்டரால் ஆன கார் வானொலியை அறிவித்தன. உயர் மின்னழுத்தம் தேவையற்றதாகிவிட, வைப்ரேட்டர் வழக்கொழிந்தது. புதிய எல்லையொன்று உடனே தலைகாட்டியது. எஞ்சின் ஓடும்போது காரில் கிடைப்பது ஏறத்தாழ 14 வோல்ட். அதைக் கொண்டு 4 ஓம் ஸ்பீக்கருக்கு எளிய சுற்று தரக்கூடியது சுமார் 6 வாட். இரு சுற்றுகளை எதிரெதிராக இணைக்கும் பாலச்சுற்று கோட்பாட்டளவில் அதைப்போல் நான்கு மடங்கு தரும், நடைமுறையில் 20 வாட்டை ஒட்டி நின்றுவிடும். ஸ்டீரியோ பெட்டிகளின் முகப்பில் '50 × 4' என்று பொறித்திருப்பது உச்சக் கணக்கு. நீடித்துத் தரும் ஆற்றலன்று. வாங்குபவருள் பலர் இதை அறியாமலே விலை கொடுக்கின்றனர்.

இந்த எல்லையைக் கடக்கத்தான் தனி ஆம்ப்ளிஃபையர் வந்தது. அதன் உள்ளே இருப்பது வேறொன்றுமில்லை, பழைய வைப்ரேட்டரின் வேலைதான்: மின்னோட்டத்தை வெட்டுதல், மின்மாற்றியால் உயர்த்துதல். முன்பு அதிரும் உலோக நாக்கு செய்ததை இப்போது நொடிக்குப் பல்லாயிரம் தடவை டிரான்சிஸ்டர்கள் செய்கின்றன. மெய்யான 500 வாட் வேண்டுமெனில் பேட்டரியிலிருந்து 50 ஆம்பியர் அளவுக்கு ஈர்க்க நேரும். எனவேதான் மெக்கானிக் ஸ்டீரியோவின் மெல்லிய கம்பியைத் தொடாமல் பேட்டரியிலிருந்தே தடித்த கேபிளை இழுக்கிறார். ஃபியூஸ் ஆம்ப்ளிஃபையருக்கு அருகில் இருந்தால் போதாது. பேட்டரியை ஒட்டி இருக்க வேண்டும். இடையில் கேபிள் உரசிக் கார் உடலைத் தொட்டால் தீப்பிடிக்கும். எர்த் கம்பிக்குப் பெயின்ட் சுரண்டிய வெற்று உலோகம் வேண்டும். அது சரியாக அமையாவிட்டால் ஆல்டர்னேட்டரின் ரீங்காரம் பாட்டோடு கலந்து ஒலிக்கும்.

கூரையிலிருந்து இறங்கிய கருவி இவ்வாறு பயணியை நோக்கித் திரும்பியது. சட்டம் பெரும்பாலும் பழைய திசையையே பார்க்கிறது. 2000 ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு விதித்த தடை, மூடிய அறைக்குள் நிகழ்வதற்கு விலக்கு அளிக்கிறது. அதன் அக்கறை அண்டை வீட்டாரின் உறக்கம். கண்ணாடி ஏற்றிய காருக்குள் இருப்பவரின் செவி அதன் பார்வையில் படவில்லை. 1965 இல் தொடங்கப்பட்ட அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் மைசூரிலேயே, மானசகங்கோத்ரியில் இருக்கிறது. செவியியலில் வழங்கும் பணியிடக் கணக்கின்படி 85 டெசிபலை எட்டு மணி நேரம் கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் உயர்வுக்கும் அந்நேரம் பாதியாகும். 91 டெசிபலில் இரண்டு மணி நேரம். டயர் இரைச்சலை மீறிப் பாட்டுக் கேட்க ஒலியை உயர்த்திக்கொண்டு மைசூரிலிருந்து பெங்களூருக்கு விரைவுச் சாலையில் செல்பவர், நகர நெரிசலைத் தொடும்போது அன்றைய அளவை ஏறக்குறைய தீர்த்திருப்பார். திரும்பும் பயணம் இன்னும் மீதமிருக்கும்.